ஓட்டத்தை விட்டுப் பல வருஷம் ஆனவர்களுக்கு: டெல்டாவில் மறுபடி ஓட ஒரு முழு வழிகாட்டி

காவலர் தேர்வுக்காக 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் முடிக்க ஆற்றங்கரையில் ஓடிப் பழகியவர்கள் நம் ஊர்களில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். வேலை, கல்யாணம், பிள்ளைகள், வயல், கடை என்று வந்தபிறகு ஓட்டம் நின்றுபோயிருக்கும். பத்து வருஷம் கழித்து டாக்டர் சொன்னார் என்றோ, பேன்ட் இடுப்பில் ஏறவில்லை என்றோ மறுபடி ஷூவை எடுக்கிறார்கள். ஒரு மாதம் நன்றாக ஓடுகிறார்கள். பிறகு முழங்காலையோ குதிகாலையோ பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். "வயசாயிடுச்சு, நமக்கு இனிமே ஒத்து வராது" என்று முடிவு கட்டுகிறார்கள். வயதின் மேல் பழி போடுவது பெரும்பாலும் தவறு. அவசரம்தான் காரணம்.

ஓட்டத்தை நிறுத்தினால் முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. இரண்டு வாரத்திலேயே அது குறையத் தொடங்கும், அதோடு ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவும் குறையும். மூச்சு வாங்குவது அதனால்தான். திரும்ப ஓடும்போது முதலில் மீள்வதும் இதுவே. நாலைந்து வாரத்தில் மூச்சு சீராகி, "பழைய ஆளாகிவிட்டோம்" என்று தோன்றும். ஆனால் எலும்பும், தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாணும் அந்த வேகத்தில் தயாராவதில்லை. புதுப் பாரம் விழும்போது எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்து, பிறகுதான் புதிதாகக் கட்டும். ஒரு சுற்று முடிய மூன்று, நான்கு மாதம் ஆகும். நடுவில் சில வாரங்கள் அந்த இடம் முன்னைவிடப் பலவீனமாகவே இருக்கும். மேட்டூரைத் திறந்த அன்றே கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடாது அல்லவா, உடம்பில் தசைநாணும் எலும்பும்தான் கடைமடை.

அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கணக்கில் போகிறது: வேகத்தையும் தூரத்தையும் மூச்சை வைத்து முடிவு செய்யக் கூடாது, கால்களின் நிலையை வைத்து முடிவு செய்ய வேண்டும். நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை கூடுதல் கவனம். காயங்கள் அதிகம் வருவது உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றும் அந்த நாட்களில்தான்.

முதலில் யார் டாக்டரைப் பார்க்க வேண்டும்

நடக்கும்போது நெஞ்சில் பாரம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் திடீர் மாரடைப்பு நேர்ந்தவர்கள், சுகர் அல்லது பி.பி. உள்ளவர்கள், நாற்பது தாண்டி வெகுகாலம் உட்கார்ந்தே வேலை பார்த்தவர்கள், இவர்கள் எல்லோரும் முதலில் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பி.பி., சுகர், ஈ.சி.ஜி., ஹீமோகுளோபின் இந்த நான்கும் போதும். மற்றவை டாக்டர் சொன்னால் பார்த்துக்கொள்ளலாம். பெண்கள் ஹீமோகுளோபினை விட்டுவிடாதீர்கள். ரத்தசோகையோடு ஓடினால் எத்தனை வாரம் போனாலும் மூச்சு தேறாது, குறை தன்னிடம்தான் என்று நினைத்து ஓட்டத்தையே விட்டுவிடுவார்கள்.

சுகருக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். ஓடும் நாளில் மருந்தின் அளவையும் நேரத்தையும் என்ன செய்வது என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பையில் குளுக்கோஸோ நாலு சாக்லேட்டோ இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், கொப்புளம் வந்தது தெரியாமலேயே புண்ணாகிவிடும்.

பிரசவம் ஆனவர்கள் குறைந்தது 12 வாரம் கழியட்டும். சிசேரியன் என்றால் டாக்டரின் சம்மதத்தோடு மட்டும். டெங்கு, சிக்குன்குனியா, கடுமையான காய்ச்சல் வந்து போனவர்கள், நடந்தால் களைப்பில்லை, மூட்டில் வலியில்லை என்ற நிலை வரும்வரை நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓடுவதற்கு முன் நடை

வேகமான நடை, அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், இரண்டு வாரம். ஏற்கெனவே தினம் நடப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள் தாண்டாதீர்கள். நடக்கும்போது பாதத்தில் விழும் பாரம் உடல் எடையைவிடச் சற்றே கூடுதல், ஓடும்போதோ இரண்டிலிருந்து மூன்று மடங்கு. ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஆயிரம் தடவைக்கு மேல் அந்தப் பாரம் விழும். இடைப்பட்ட வருஷங்களில் பத்து கிலோ கூடியிருந்தால் அதையும் சேர்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் முடிந்ததும் வீட்டிலேயே இரண்டு சோதனை. சுவரை விரலால் லேசாகத் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொரு காலிலும் தொடர்ந்து பதினைந்து, இருபது வந்தால் நல்லது. எட்டிலேயே ஆடுசதை நடுங்கினால் அதுதான் உங்களுடைய முதல் வேலை. அடுத்து, நின்ற இடத்திலேயே ஒற்றைக் காலில் மெதுவாகப் பத்து குதி. எங்காவது சுருக்கென்றால் ஓட்டத்தை இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

ஷூ

பரணில் இருக்கும் பழைய ஷூவை நம்பாதீர்கள். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பசை விட்டுப்போய், ஓடாமலே கிடந்த ஷூவின் அடிப்பாகம் முதல் நாளே பிய்த்துக்கொண்டு வரும். உள்ளே இருக்கும் நுரையும் இறுகியிருக்கும். புதிதாக வாங்கும்போது சாயங்காலம் போங்கள், பகல் முழுக்க நின்று நடந்து பாதம் கொஞ்சம் பெருத்திருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். விலை கூடினால் காயம் குறையும் என்பதில்லை. கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பார்த்துக் காலுக்கு இதமாக இருப்பதை எடுங்கள். 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும்.

வெறுங்காலில் ஓடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சிறுவயதில் அப்படி ஓடியது உண்மைதான். ஆனால் பத்து வருஷம் செருப்பிலும் ஷூவிலும் இருந்த பாதத்தின் ஆடுசதைக்கும் குதிகால் தசைநாணுக்கும் அது திடீர்ச் சுமை. முதல் மூன்று மாதம் வேண்டாம்.

எங்கே ஓடுவது

டெல்டாவின் பெரிய வசதியும் குறையும் ஒன்றே: தரை தட்டையாக இருக்கும். தொடங்குபவருக்கு நல்லது, ஆனால் ஏற்ற இறக்கம் இல்லாததால் ஒரே தசை ஒரே மாதிரி அடி வாங்கும். அதனால் ஒரே பாதையில் தினமும் ஓடாதீர்கள்.

என் கணக்கில் முதலிடம் மண் மைதானத்துக்கு. தஞ்சாவூர்க்காரர்களுக்கு அன்னை சத்யா விளையாட்டரங்கம் இருக்கிறது, மற்ற ஊர்களில் அரசுப் பள்ளி மைதானம். அடுத்து குளக்கரைகள். திருவாரூர் கமலாலயம், மன்னார்குடி ஹரித்ராநதி, கும்பகோணம் மகாமகக் குளம், மூன்றையும் சுற்றித் தெரு இருக்கிறது, விளக்கு இருக்கிறது, விடியற்காலையில் ஆள் நடமாட்டமும் இருக்கிறது. தனியாக ஓடத் தயங்கும் பெண்களுக்கு இவைதான் ஏற்ற இடம். காலில் ஏதாவது பிடித்தாலும் வீடு பக்கத்திலேயே இருக்கும். ஒரு சுற்றை நடந்து போனில் அளந்து வைத்துக்கொண்டால் அதுவே உங்கள் அளவுகோல். எப்போதும் ஒரே திசையில் சுற்றாதீர்கள், ஒரு நாள் வலமாக, மறுநாள் இடமாக.

ஆற்றங்கரைப் பாதை, கல்லணைக் கால்வாய்க் கரை, வெண்ணாற்றங்கரை, அரசலாற்றங்கரை எல்லாம் நிழலும் காற்றும் உள்ள இடங்கள். கரைப்பாதை ஒரு பக்கம் சரிந்திருந்தால் அந்தப் பக்கத்து இடுப்பும் முழங்காலும் வலிக்கும், நடுவில் ஓடுங்கள். கோடையில் வறண்டு கிடக்கும் ஆற்று மணல் ஆசையைத் தூண்டும். புதை மணலில் குதிகால் ஆழமாக இறங்குவதால் தசைநாண் தன் எல்லைக்கு மேல் இழுபடும். மணல் அள்ளிய பள்ளங்களும் உண்டு. நடக்கலாம், ஓட வேண்டாம். நாகை, தரங்கம்பாடி, பூம்புகார் பக்கம் இருப்பவர்கள் அலை நனைத்த கெட்டி மணலில் ஓடலாம். அதுவும் சரிவுதான் என்பதால் கொஞ்ச தூரம் மட்டும்.

நெடுஞ்சாலை வேண்டவே வேண்டாம். அதிகாலையில் மீன் வண்டிகளும் பால் வண்டிகளும் வரும் வேகம் உங்களுக்கே தெரியும். ஊர்ச் சாலையில் ஓடும்போது வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். இருட்டில் வெள்ளைச் சட்டை, கையில் சின்ன டார்ச். காதில் பாட்டு வேண்டாம்.

பன்னிரண்டு வாரத் திட்டம்

வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. திங்கள், புதன், சனி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா நாளும் 5 நிமிஷ நடையில் தொடங்கி 5 நிமிஷ நடையில் முடியும். நடுப்பகுதி இப்படி:

1, 2-ம் வாரம்: 1 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை, எட்டு முறை.
3, 4-ம் வாரம்: 2 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை, ஆறு முறை.
5, 6-ம் வாரம்: 4 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை, நான்கு முறை.
7, 8-ம் வாரம்: 6 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை, மூன்று முறை.
9, 10-ம் வாரம்: 10 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை, இரண்டு முறை.
11-ம் வாரம்: 15 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை, 10 நிமிஷம் ஓட்டம்.
12-ம் வாரம்: 25 நிமிஷம் நிற்காமல்.

முன்பு நன்றாக ஓடியவர்களுக்கு முதல் நான்கு வாரம் அவமானமாகத் தோன்றும். ஒரு நிமிஷம் ஓடிவிட்டு இரண்டு நிமிஷம் நடப்பதா என்று மனசு கேட்கும். அந்த நடைதான் தசைநாணுக்குக் கிடைக்கும் மூச்சுவிடும் நேரம், அதைக் குறைக்காதீர்கள். ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதே வாரத்தை மறுபடி ஓடுங்கள். பன்னிரண்டு வாரம் பதினாறு வாரமானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

வேகம் எவ்வளவு? பக்கத்தில் ஒருவர் ஓடி வந்தால், "நேத்து ராத்திரி எங்க தெருவுல கரண்டே இல்ல, கொசுக்கடியில தூங்கவே முடியல" என்று ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்லும் வேகம். நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் வேகம் அதிகம். தனியாக ஓடுபவர்கள் சத்தமாகச் சொல்லிப் பார்க்கலாம், பார்ப்பவர்கள் பார்க்கட்டும். எடுத்து வைக்கும் எட்டு சின்னதாக இருக்கட்டும். பாதம் உடம்புக்கு வெகுமுன்னால் விழாமல், இடுப்புக்கு நேர்கீழே விழ வேண்டும். எட்டின் நீளத்தைக் கொஞ்சம் குறைத்து எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டினாலே முழங்காலில் விழும் பாரம் குறையும்.

இந்த மூன்று மாதமும் கடிகாரம் பார்த்து யாரோடும், முக்கியமாக இருபது வயதில் ஓடிய உங்களோடு, போட்டி போடாதீர்கள்.

ஓடாத நாளில்

இரண்டு நாள், கால்மணி நேரம். திண்ணைப் படியின் ஓரத்தில் முன்பாதத்தை வைத்து, குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கி மெதுவாக ஏற்றுங்கள். இறக்குவதற்கு மூன்று எண்ணிக்கை. பத்துப் பத்தாக மூன்று தடவை. படித்துறைப் படியில் செய்யாதீர்கள், பாசி வழுக்கும். கூடவே நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுபோல் உக்கி, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்குவது, ஒற்றைக் காலில் கண் திறந்து அரை நிமிஷம் நிற்பது. பல் தேய்க்கும்போதே நின்றுவிடலாம்.

என்னைக் கேட்டால் இந்தப் படி வேலையை விட்டுவிட்டு ஓட்டத்தை மட்டும் செய்பவரைவிட, ஓட்டத்தில் ஒரு நாளை விட்டுவிட்டு இதைச் செய்பவர் அடுத்த வருஷமும் ஓடிக்கொண்டிருப்பார்.

வலியைப் படிப்பது

தொடையிலும் ஆடுசதையிலும் பரவலாக வரும் வலி ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய் மூன்று நான்கு நாளில் தானாகவே போய்விடும். அது தசை பழகும் வலி, பயப்பட வேண்டாம்.

கவனிக்க வேண்டியது ஓரிடத்து வலியை. முன்னங்கால் எலும்பின் உள்பக்க விளிம்பைக் கட்டை விரலால் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். கீழ்ப்பாதியில் சில அங்குல நீளத்துக்குப் பரவலாக வலித்தால் எலும்பு உறையில் எரிச்சல்: ஒரு வாரம் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். விரல் நுனி அளவு ஓரிடத்தில் மட்டும் சுரீர் என்றால், ராத்திரி படுத்தாலும் விண்விண் என்றால், எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம், எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று மறுநாளே ஓடிவிடாதீர்கள்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் பாதத்தின் அடித்தசைநார். குதிகாலுக்குப் பின்னால் விறைப்பாக இருந்து நடக்க நடக்க விட்டால் தசைநாண். இரண்டுக்கும் முழு ஓய்வைவிட, ஓட்டத்தைக் குறைத்து அந்தப் படி வேலையைப் பொறுமையாகச் செய்வதுதான் பலன் தரும். பொதுவாகப் பத்துக்கு இரண்டு, மூன்று அளவு வலி, ஓடும்போது கூடாமல் மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். நடை நொண்டினால் அன்றைக்கு ஓட்டமில்லை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது கூடவே கூடாது.

மாதம் பார்த்து ஓட்டம்

கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது: முடிந்தால் மார்கழியில் தொடங்குங்கள். குளிர்ந்த காற்று, வாசலில் கோலம், விடிவதற்கு முன்பே விழித்துவிட்ட தெரு. பங்குனி வெயில் ஏறுவதற்குள் பன்னிரண்டு வாரம் முடிந்திருக்கும். பனிமூட்டத்தில் வண்டிக்காரர் கண்ணுக்கு நீங்கள் தெரிவது சிரமம், அதனால் அந்த நாட்களில் குளக்கரைதான். தை, மாசியில் சம்பா அறுவடை. சாலையில் நெல் காயும், வைக்கோல் கிடக்கும். பனி விழுந்த வைக்கோல் வழுக்கும், காயும் நெல் யாரோ ஒருவரின் ஆறு மாத உழைப்பு. சுற்றிப் போங்கள்.

சித்திரை, வைகாசியில், அதுவும் மே 4-ஐ ஒட்டித் தொடங்கும் கத்திரி வெயிலில், ஆறரைக்குள் வீட்டில் இருக்க வேண்டும். உடம்பு வெக்கைக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும், அதுவரை திட்டத்தில் பாதி போதும். வியர்வை சட்டென்று நின்றுவிட்டாலோ, குளிர் எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிரவைத்தபடியே 108-ஐ அழையுங்கள்.

ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்தால் கரைகளில் ஈரம் வரும், குறுவைக்கு உழும் டிராக்டர்கள் சேற்றைச் சாலைக்கு இழுத்து வரும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து தள்ளும். போகும்போது மேற்கே காற்றை எதிர்த்துப் போய், களைத்துத் திரும்பும்போது காற்றோடு வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயலில் தண்ணீர் ஏற ஏறப் பாம்புகள் மேட்டுக்கு வரும், அந்த மேடு நீங்கள் ஓடும் கரைதான். கண்ணாடி விரியன் சருகு நிறத்திலேயே கிடக்கும். விடியாமல் கரையில் ஓடாதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், ஓடாமல், காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்கு. நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, கண்ணைப் பார்க்காமல், மெதுவாக நடங்கள். பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவி, அன்றே ஊசி.

சாப்பாடு

அரைமணி நேர ஓட்டத்துக்கு விசேஷச் சாப்பாடு எதுவும் தேவையில்லை. எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், பசித்தால் ஒரு வாழைப்பழம். முடித்து வந்ததும் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ. ஓடும் முன்னும் பின்னும் எடை பார்த்தால் குறைந்த ஒரு கிலோ ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை, அதைக் காலைக்குள் திரும்பக் குடித்துவிடுங்கள். நம் தட்டில் பொதுவாகக் குறைவது புரதம்தான்: முட்டை, மீன், சுண்டல், பருப்பு, தயிர் இவற்றில் ஏதாவது மூன்று வேளையும் இருக்கட்டும். சோற்றின் அளவைத் திடீரென்று பாதியாக்கிக்கொண்டு ஓடத் தொடங்குபவர்களுக்குத்தான் எலும்புக் காயம் சுலபமாக வருகிறது. எடைக் குறைப்பை இரண்டாவது மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.

12 வாரத்துக்குப் பிறகு, நடுவில் விட்டுப்போனால்

25 நிமிஷம் வலியில்லாமல் ஓடியவர் இன்னும் ஒரு மாதம் அதிலேயே இருங்கள். பிறகு வாரத்தில் ஒரு நாளை மட்டும் மெதுவாக நீட்டுங்கள். கடந்த ஒரு மாதத்தில் ஓடிய அதிகபட்சத் தூரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் கூட்ட வேண்டாம். வேக ஓட்டம், பாலத்து ஏற்றம் ஓடுவது எல்லாம் ஐந்தாவது மாதத்தில். தூரம், வேகம் இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள்.

நடவு, அறுவடை, கல்யாணம், காய்ச்சல் என்று நடுவில் விட்டுப்போகும். ஒரு வாரத்துக்குள் என்றால் விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். இரண்டு வாரம் என்றால் திட்டத்தில் இரண்டு வாரம் பின்னால். ஒரு மாதத்துக்கு மேல் என்றால், அதற்கு முன் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும், ஒரு வாரம் நடந்துவிட்டு முதல் வாரத்து ஒரு நிமிஷ ஓட்டத்திலிருந்து. காய்ச்சல் விட்டவர்கள் இரண்டு நாள் முழுசாகக் கழித்து, முதல் நாள் நடை மட்டும்.